பேசியதை அன்றே எழுதுங்கள்



ஷஅபான் மாதக் கடைசியில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரர் வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே மாதத்தில் வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஜகாத் தொகையை எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கிச் சென்றவர். இம்முறை கையில் மகளின் கல்லூரிக் கட்டணச் சீட்டு இருந்தது. கேட்க வாய் வராமல் அந்தச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆறு தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுத்துவந்தவர் அவர். வீண்செலவு கிடையாது. வேலையிலும் சுத்தம். அவரைச் சாய்த்தது ஒரு போன் பேச்சு.

"போன தடவை மாதிரியே 600 பீஸ் போட்டுடுங்க பாய், சீக்கிரம் வேணும்" என்று வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் சொன்னார். "இன்ஷா அல்லாஹ் முடிச்சிடலாம்ணே" என்று இவர் சொன்னார். அவ்வளவுதான் ஒப்பந்தம். இவர் கடைசியாக அனுப்பியிருந்தது ஜிப் இல்லாத மாடல். அதையே தைத்தார். வியாபாரி மனத்தில் இருந்ததோ அதற்கும் முந்தைய தடவை வாங்கிய, முன்பக்கம் ஜிப் வைத்த மாடல். அவர் கடையில் நன்றாக ஓடியது அதுதான். சரக்குக் கட்டுகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. பீஸ் 210 ரூபாய் என்று பேசிய சரக்கை 130 ரூபாய்க்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. 600 பீஸில் 48,000 ரூபாய் குறைந்தது. துணிக் கடைக்காரர் பாக்கி கேட்டு வாசலுக்கு வந்தார். முதலில் இரண்டு மெஷின் போனது. பிறகு மற்றவையும் போயின.

அந்த வியாபாரியிடம் நானே பேசிப் பார்த்தேன். தன்மையான மனிதர். "நான் ஜிப் மாடலைத்தான் சொன்னேன் பாய், படைச்சவன் மேல ஆணை" என்றார். நம் சகோதரரும் அப்படியே ஆணையிட்டார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. "போன தடவை" என்ற ஒரே சொல் இரண்டு பேர் மனத்தில் இரண்டு வேறு சரக்கைக் காட்டியிருக்கிறது. நடுவில் நின்று தீர்த்துவைக்க என் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அந்தச் சகோதரரின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறேன். கடை வைத்திருப்பவர், வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் சகோதரி, வேலை தேடும் பிள்ளை என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் இந்தப் பாடம் தேவைப்படுகிறது. தொழிலில் எப்படிப் பேசுவது, பேசியதை எப்படி எழுதுவது என்பதே பாடம்.

நம்பிக்கை இருக்கும்போது எழுத்து எதற்கு?

எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னவுடன் நம்மில் பலர் முகம் மாறிவிடும். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். மாமன், மச்சான், பங்காளி என்றால் கேட்கவே வேண்டாம். சீட்டு கேட்டவர் பகையாளி ஆகிவிடுவார்.

திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று மதரஸாப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். தவணைக் கடனை எழுதிவைப்பது பற்றியே அது பேசுகிறது. குறிப்பிட்ட தவணைக்குக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுபவர் நியாயமாக எழுத வேண்டும். கடன் யார் பொறுப்போ அவரே வாசகம் சொல்ல வேண்டும். சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும். தொகை சிறியதோ பெரியதோ, எழுதச் சலித்துக்கொள்ளக் கூடாது என்று அது வழிகாட்டுகிறது. கைக்குக் கை நடக்கும் உடனடி வியாபாரத்தில் எழுதாமல் விட்டால் குற்றமில்லை என்ற சலுகையும் அதிலேயே இருக்கிறது.

இந்த வசனம் யாரை அழைத்துத் தொடங்குகிறது? ஈமான் கொண்டவர்களை. ஒருவரையொருவர் நம்பும் மக்களுக்குத்தான் எழுதச் சொல்லப்பட்டிருக்கிறது. மனிதனுக்கு மறதி உண்டு. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இருவரில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் உறவைக் காப்பாற்றுவது அந்தச் சீட்டுதான்.

கேட்கச் சங்கடமாக இருந்தால் குறையை நம் மேல் போட்டுக்கொள்ளலாம். "எனக்கு மறதி அதிகம் மாமா, பேசினதை அப்படியே எழுதி அனுப்புறேன், சரியான்னு மட்டும் பார்த்துடுங்க" என்று சொன்னால் எந்த மாமாவும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"எனக்கு ஆங்கிலம் வராதே"

தொழில் கடிதம் என்றாலே ஆங்கிலம் என்று பயப்படுகிறவர்களுக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

மதரஸாவில் ஓதி, பிறகு பி.காம். முடித்து, சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் கடிதம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு 23 வயது. வெளிமாநிலத்து வியாபாரி ஒருவருக்கு நான் எழுதிய முதல் கடிதம் இரண்டு பக்கம். கல்லூரியில் படித்த கடினமான ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றையும் அதில் இறக்கியிருந்தேன். முதலாளி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். என்னையே படிக்கச் சொல்லி, தமிழில் பொருளும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதைப் படிச்சிட்டு அவர் என்ன செய்யணும் தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனை தோல், என்ன விலை, என்றைக்குள் பதில் வேண்டும் என்ற எதுவும் அந்த இரண்டு பக்கத்தில் இல்லை. அவர் தமிழில் மூன்று வரி சொன்னார். அதை எளிய ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த வாரமே பதில் வந்தது.

அன்றைய வியாபாரிகளுக்குத் தந்தி நல்ல ஆசிரியராக இருந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கட்டியதால் வேண்டாத சொல்லை வெட்டப் பழகியிருந்தார்கள். இன்று செல்போனில் எவ்வளவு எழுதினாலும் கூடுதல் செலவு இல்லை. அதனால் ஸலாம், நலம் விசாரிப்பு, படம், நீண்ட குரல் பதிவு எல்லாம் போகின்றன. எண்ணிக்கையும் தேதியும் மட்டும் விட்டுப்போகின்றன.

உங்கள் எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்தால் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலம் தேவைப்பட்டால் சிறிய வாக்கியங்களில் எழுதுங்கள். செல்போனில் மொழிபெயர்த்து அனுப்பினால் எண், தேதி, அளவு மூன்றையும் அனுப்பும் முன் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். எதை எழுதினாலும் அனுப்புவதற்கு முன் அந்தப் பெரியவரின் கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தியில் இருக்க வேண்டிய ஆறு

வியாபாரச் செய்தி எதுவானாலும் ஆறு விஷயங்கள் அதில் இருக்க வேண்டும்: யார் யாருக்கு, என்ன சரக்கு அல்லது வேலை, எத்தனை, என்ன விலை, எந்தத் தேதிக்குள், பணம் எப்போது எப்படி. அந்த நைட்டி வியாபாரத்தில் போனை வைத்தவுடன் இப்படி ஒரு செய்தி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்:

"அண்ணே, வணக்கம். இன்று காலை போனில் பேசியது:
சரக்கு: காட்டன் நைட்டி, ஜிப் இல்லாதது, அரைக்கை. மாதிரி போட்டோ கீழே.
அளவு: எக்ஸ்எல் 400, டபுள் எக்ஸ்எல் 200. மொத்தம் 600.
விலை: பீஸ் 210 ரூபாய். மொத்தம் 1,26,000 ரூபாய்.
அனுப்பும் நாள்: மார்ச் 10-க்குள். லாரி வாடகை உங்களுடையது.
பணம்: முன்பணம் 30,000. மீதி 96,000 சரக்கு வந்த 30 நாளில்.
எல்லாம் சரிதானே அண்ணே? சரி என்று பதில் வந்ததும் துணி வெட்டுகிறேன்."

இதை எழுத ஐந்து நிமிடம் போதும். "ஐயோ, ஜிப் வெச்சது வேணும் பாய்" என்று அந்த வியாபாரி அப்போதே பதில் போட்டிருப்பார். 48,000 ரூபாயும் ஆறு மெஷினும் மிஞ்சியிருக்கும்.

கடைசி வரியையும் கவனியுங்கள். பதில் வராமல் கத்திரியை எடுக்கக் கூடாது. பதில் வராவிட்டால் போன் செய்து, "செய்தியைப் பார்த்துட்டு சரின்னு ஒரு வார்த்தை போடுங்கண்ணே" என்று கேளுங்கள். நாம் அனுப்பியது பாதிதான். அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது முழுமையாகிறது.

சில சொற்களைத் தொழில் செய்தியிலிருந்து எடுத்துவிடுங்கள்: "வழக்கம்போல", "போன தடவை மாதிரி", "நல்ல துணி", "நியாயமான ரேட்", "சீக்கிரம்", "ரெண்டு மூணு நாள்ல". இவற்றுக்கு ஆளுக்கு ஒரு பொருள். அந்த இடத்தில் ஓர் எண்ணோ, தேதியோ, போட்டோவோ வையுங்கள்.

குரல் பதிவு அனுப்புவது எளிது என்பதால் பலர் அதையே அனுப்புகிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் இரண்டு மாதம் கழித்து எந்தப் பதிவில் எந்த விலை சொன்னோம் என்று தேடுவது கஷ்டம். பதிவை அனுப்பினாலும் எண்ணிக்கை, விலை, தேதி மூன்றையும் எழுத்தில் போட வீட்டுப் பிள்ளைகளின் உதவியைக் கேளுங்கள்.

போனில் பேசும்போது

பேச்சு வராது என்று ஒதுங்குபவர்கள் மூஸா (அலை) அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபிர்அவ்னிடம் போகும் முன், தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும் மக்கள் தம் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவர்கள் துஆ கேட்டார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்கும் கேட்டார்கள். அடுத்தவருக்குப் புரிய வேண்டும் என்பதே அந்தத் துஆவின் தேட்டம். அடுக்குமொழி நமக்குத் தேவையில்லை.

முதலாவதாக, எண்ணை அழுத்தும் முன் பேச வேண்டியதை ஒரு சீட்டில் மூன்று வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு எங்கு போனாலும் சீட்டு உங்களைத் திருப்பிக் கொண்டுவரும்.

இரண்டாவதாக, பெயரையும் ஊரையும் சொல்லித் தொடங்குங்கள். "நான்தாங்க பேசறேன்" என்றால் பத்துப் பேரிடம் வாங்குபவருக்கு யார் என்று தெரியாது. "இப்ப பேசலாமா அண்ணே?" என்றும் கேளுங்கள். கடையில் கூட்டமாக இருக்கும்போது அவர் சொல்லும் "சரி, சரி" நம்மை அனுப்பிவைப்பதற்கான சரி.

மூன்றாவதாக, எண்களைத் திருப்பிச் சொல்லுங்கள். "அறுநூறுன்னு எழுதிக்கிறேன், ஆறு, பூஜ்யம், பூஜ்யம், சரிதானே?" என்று கேளுங்கள். அறுபதும் எழுபதும் போனில் ஒன்றுபோலக் கேட்கும்.

நான்காவதாக, புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு சரக்கில் தவறு செய்வதைவிட, அப்போதே கேட்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

ஐந்தாவதாக, குரலை உயர்த்தாதீர்கள். குரலைத் தாழ்த்திப் பேசும்படி லுக்மான் தம் மகனுக்குச் சொன்ன உபதேசம் கடை கல்லாவுக்கும் பொருந்தும்.

இன்ஷா அல்லாஹ் சொல்லும் முன்

இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கலாம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துச் சொல்லும்படி கஹ்ஃப் அத்தியாயம் நமக்குக் கற்றுத்தருகிறது. செய்வது என்று உறுதி எடுத்துவிட்டு, முடிவை அல்லாஹ்விடம் விடும் வார்த்தை அது. நாமோ முடியாது என்று சொல்லக் கூசும் இடத்திலெல்லாம் அதைப் போட்டுவிடுகிறோம். "நாளைக்குத் தந்துடுவீங்களா?" "இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்." கடைவீதியில் மாற்று மதச் சகோதரர் ஒருவர் சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "பாய், இன்ஷா அல்லாஹ்னா வருமா, வராதா?" எனக்குத் தலை குனிந்துபோனது.

முடியாது என்றால் மரியாதையாக முடியாது என்று சொல்லுங்கள்: "மார்ச் 10-க்குள் 600 முடியாதுண்ணே. 350 தர முடியும். மீதியை 17-க்குள் தர்றேன், இன்ஷா அல்லாஹ்." இங்கே அந்த வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

குறையை முதலில் நாமே சொல்வது

கரண்டு போனது, ஆள் வரவில்லை, துணி சாயம் போகிறது என்று ஏதாவது நடக்கத்தான் செய்யும். அப்போது போனை எடுக்காமல் இருப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். சரக்கு தாமதமானதை வியாபாரி மன்னித்துவிடுவார். எடுக்காத போனை மன்னிக்க மாட்டார். அவருக்கும் பின்னால் ஒருவர் காத்திருக்கிறார்.

உணவுக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் இருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் கேட்ட சம்பவம் நமக்குத் தெரியும். ஈரத்தை மேலே வைப்பதுதான் நம் செய்திக்கும் சட்டம்: "அண்ணே, 600-ல் 40 பீஸில் கழுத்துப் பட்டி கொஞ்சம் கோணலாக இருக்கிறது. தனிக்கட்டாக வைத்திருக்கிறேன். விலை குறைத்து அனுப்பவா, மாற்றித் தரவா? மாற்றினால் நான்கு நாள் கூடும்." என்ன நடந்தது, எவ்வளவு, என்ன வழி, எத்தனை நாள் என்ற நான்கையும் சொல்லிவிட்டால் கோபத்துக்கு அதிக இடம் இருக்காது.

பாக்கி கேட்பது எப்படி?

பணம் கேட்பதில் நாம் இரண்டு பக்கமும் தவறுகிறோம். ஆறு மாதம் கேட்காமல் இருந்துவிட்டு ஏழாவது மாதம் சண்டைக்குப் போகிறோம். தவணை முடிந்த வாரமே, தன்மையாக, எண்ணோடு கேளுங்கள்:

"அண்ணே, வணக்கம். ஏப்ரல் 2 அன்று அனுப்பிய 150 பீஸுக்கு பில் 31,500 ரூபாய். பேசிய தவணை மே 2. இதுவரை 10,000 வந்தது, நன்றி. மீதி 21,500. இந்த மாதம் 20-க்குள் அனுப்ப முடியுமா? சிரமம் இருந்தால் உங்களால் முடிந்த தேதியைச் சொல்லுங்கள்."

இதில் குத்தல் இல்லை, கெஞ்சல் இல்லை, கணக்கு இருக்கிறது. உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்பகராவின் 280ஆவது வசனம். அந்த அவகாசத்தையும் புதிய தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். நாம் கொடுக்க வேண்டியவராக இருந்தால், அவர் கேட்கும் முன் நாமே தேதி சொல்லிவிடுவதுதான் கண்ணியம்.

நாட்டின் சட்டமும் எழுத்தைத்தான் பார்க்கிறது. இரண்டு விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். உத்யம் பதிவு செய்துள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடமோ சேவை தருபவரிடமோ வாங்குபவர், எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் 15 நாள்தான். சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது; தைத்துக் கொடுக்கும், செய்து கொடுக்கும் நம் சகோதர சகோதரிகளுக்குப் பொருந்தும். தாமதத்துக்கு வட்டி கேட்கவும் இச்சட்டம் இடம் தருகிறது. வட்டி நமக்கு ஆகாது. அசலைப் பேசிய நாளில் கேட்பது நம் உரிமை.

இரண்டு, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். இத்தகைய பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுதான் காலம். அது முடிவதற்குள், கொடுக்க வேண்டியவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நீதிமன்றத்தில் மூன்று ஆண்டில் காலாவதியாகும் கடன், மறுமையில் காலாவதியாகாது என்பதைக் கொடுக்க வேண்டியவர்கள் மறக்க வேண்டாம்.

கடிதமும் மின்னஞ்சலும்

வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது இது.

சுலைமான் (அலை) அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி நம்ல் அத்தியாயம் பேசுகிறது. யாரிடமிருந்து வந்தது, அல்லாஹ்வின் பெயரால் தொடக்கம், பிறகு சொல்ல வந்த விஷயம், அவ்வளவுதான். அதை அந்த அரசி தம் பிரதானிகளிடம் கண்ணியமான கடிதம் என்று குறிப்பிட்டார். சுருக்கமாக இருந்ததால் கண்ணியம் குறைந்துவிடவில்லை.

நபி (ஸல்) அவர்கள் ரோமர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று தெரிவிக்கப்பட்டது. உடனே வெள்ளியில் முத்திரை மோதிரம் செய்துகொண்டார்கள். படிப்பவரின் வழக்கத்தை மதிப்பது இதில் நமக்குப் பாடம். வங்கி மேலாளருக்கு எழுதும்போது கணக்கு எண் அவருக்கு முத்திரை. மின்னஞ்சலில் தலைப்பு வரி முத்திரை. "வணக்கம்" என்றோ "உதவி" என்றோ தலைப்பு வைத்தால் அது நூறு கடிதத்தில் ஒன்றாகப் போய்விடும். "தையல் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பம், 4 ஆண்டு அனுபவம்" என்று வைத்தால் திறந்து பார்ப்பார்கள். முதல் பத்தியில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டாவதில் அதற்கான காரணத்தையும் தகுதியையும் சொல்லுங்கள். மூன்றாவதில் இணைத்துள்ள தாள்களின் பட்டியல், உங்கள் போன் எண். அனுப்பும் முன் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியம் கோணலாக இருக்கும்.

இந்த வாரப் பயிற்சி

வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள்.

1. நீங்கள் கடைசியாக அனுப்பிய ஐந்து தொழில் செய்திகளை எடுத்து, மேலே சொன்ன ஆறில் எவை விட்டுப்போயின என்று பாருங்கள்.

2. ஒருவர் ஆர்டர் கொடுப்பவர், ஒருவர் வாங்குபவர் என்று வைத்துப் போனில் பேசுவதுபோல் பேசுங்கள். பிறகு இருவரும் தனித்தனியே பேசியதை எழுதுங்கள். இரண்டு சீட்டும் ஒத்துப்போகிறதா என்று பிள்ளைகள் சரிபார்க்கட்டும்.

3. உங்களுக்கு வர வேண்டியது, நீங்கள் கொடுக்க வேண்டியது இரண்டையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

தைத்துக் கொடுக்கும் சகோதரிகள் எழுதிய செய்தியை அனுப்பும் முன் காட்ட விரும்பினால், அலுவலக நேரத்தில் கொண்டுவாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.

அந்தச் சகோதரருக்கு வருவோம். மகளின் கட்டணத்தை அறக்கட்டளை கட்டியது, அல்ஹம்துலில்லாஹ். இரண்டு மெஷின் வாங்க 24,000 ரூபாய் அழகிய கடனாகவும் கொடுத்தோம். மாதம் 2,000 வீதம் 12 மாதம். கொடுக்கும் நாளில் தாளை எடுத்து வைத்து, "வாசகத்தை நீங்களே சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்" என்றேன். கடன் யார் பொறுப்போ அவரே சொல்ல வேண்டும் என்பதுதானே வசனம். முதலில் தயங்கினார். பிறகு தொகை, தவணை, நாள் என்று ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார். சாட்சிகள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் தாளை மடிக்கப் போனேன்.

"செயலாளர் பாய், கொஞ்சம் பொறுங்க. மேலே இன்னைக்குத் தேதி போடலை" என்றார்.

பார்த்தேன். போடவில்லைதான். அவர் கையாலேயே போடச் சொன்னேன்.

அல்லாஹ் நம் வாக்கில் உண்மையையும், கணக்கில் சுத்தத்தையும், தொழிலில் பரக்கத்தையும் தந்தருள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்